பழைய செஸ்னா முரண்டு பிடிக்கும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

என் அப்பா காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் தடுமாறினால் அவர் எதையும் கழற்ற மாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, இன்ஜெக்டருக்குப் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்துவார். தளர்த்தியதும் சத்தம் மாறினால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது. மாறாவிட்டால், சும்மா இருந்து சோறு தின்கிற சிலிண்டர் அதுதான். ஐந்து நிமிட வேலை. அதே நேரத்தில் பக்கத்துப் படகில் இன்னொருவர் ஆறு இன்ஜெக்டரையும் பிடுங்கிச் சாக்கின் மேல் பரப்பியிருப்பார்.

நான் இப்போது 1975இல் செய்த ஒரு செஸ்னா 172எம் விமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரன். வீடு ராயபுரத்தில், விமானமோ மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு ஓடுதளத்தில் நிற்கிறது. தவறான பாகத்தை வாங்கிக்கொண்டு போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அப்படிப் பல ஞாயிறுகள் போன பிறகு எழுதி வைத்த குறிப்புகள் இவை. எஞ்சின் லைகமிங் ஓ-320-ஈ2டி: நான்கு சிலிண்டர், 150 குதிரைத்திறன், கார்புரேட்டர் வைத்தது. எண்கள் எல்லாம் இதற்குரியவை. உங்கள் விமானத்தின் கையேடு வேறு சொன்னால் கையேடுதான் சரி. ஸ்பானர் பிடிக்கும் வேலைகளுக்கு உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் கையெழுத்து வேண்டும். சரியான அறிகுறியை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உரிமையாளரின் வேலை.

மேக்னெட்டோ சோதனையில் ஆர்.பி.எம். அதிகம் விழுகிறது

மேக்னெட்டோ என்பது பேட்டரி இல்லாமலே பிளக்குகளுக்குப் பொறி தரும் கருவி. எஞ்சினில் இரண்டு உண்டு; ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளக். புறப்படுமுன் எஞ்சினை 1,700 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) வைத்து, சாவியை இரண்டு மேக்னெட்டோவும் ஓடும் நிலையிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறோம். எதிலும் 125க்கு மேல் விழக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 50ஐத் தாண்டக் கூடாது. இது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் எவ்வளவு விழுந்தது என்பதைவிட எப்படி விழுந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

நடுக்கமே இல்லாமல், வழுக்கினாற்போல் 150 விழுந்தால் நான்கு சிலிண்டரும் எரிகின்றன. ஆனால் நேரம் தவறி எரிகின்றன. மேக்னெட்டோவின் நேர அமைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த எஞ்சினுக்கு அது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 25 டிகிரி முன்பு. 500 மணி நேரத்துக்கு ஒருமுறை மேக்னெட்டோவைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதையும் அப்போதே நினைவூட்டுங்கள். பதிவேட்டில் அந்த வரி பெரும்பாலும் காணாமல்தான் போயிருக்கும்.

எஞ்சின் உதறிக்கொண்டு விழுந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியவில்லை. பத்தில் எட்டு முறை ஒரு ஸ்பார்க் பிளக்கில் ஈயம் படிந்திருக்கும். இதற்கு ஒரு பழங்கதை உண்டு. இந்த எஞ்சின் 80/87 என்ற பழைய ரக விமானப் பெட்ரோலுக்காகச் செய்தது. அதில் லிட்டருக்கு 0.14 கிராம் ஈயம் இருந்தது. இன்று நாம் ஊற்றும் 100எல்எல் விமானப் பெட்ரோலில் 0.56 கிராம் வரை இருக்கலாம். பெயரில் 'குறைந்த ஈயம்' என்று இருந்தாலும் இந்த எஞ்சினின் கணக்கில் அது நான்கு மடங்கு. விமானத்தைத் தரையில் ஓட்டிச் செல்லும்போது (டாக்ஸி), பெட்ரோல்-காற்று விகிதத்தை மாற்றும் மிக்ஸ்சர் குமிழை முழுக்க உள்ளே தள்ளி, பெட்ரோலை மிகுதியாக வைத்துக்கொண்டே போகிறவர்களின் கீழ்வரிசைப் பிளக்குகள் கரி மூட்டை ஆகிவிடும். தரையில் மிக்ஸ்சரைத் தாராளமாக இழுத்து வையுங்கள். புறப்படுவதற்கு முன் மறக்காமல் உள்ளே தள்ளுங்கள்.

உதறல் கண்டால் முதல் மருந்து: 2,000 ஆர்.பி.எம்.மில் வைத்து, மிக்ஸ்சரை மெல்ல இழுத்து, ஓரிரு நிமிடம் சூடேற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். சரியானால் பறக்கலாம். சரியாகாவிட்டால் திரும்பி வாருங்கள். 'மேலே போனால் சரியாகிவிடும்' என்று ஒரு குரல் உள்ளே கேட்கும். அந்தக் குரல் விமானி உரிமம் வாங்கியதில்லை.

இப்போது அப்பாவின் வித்தை. எஞ்சின் நன்றாக ஆறட்டும். பிறகு எந்த மேக்னெட்டோவில் உதறியதோ அதில் மட்டும் ஒரு நிமிடம் மெதுவாக ஓட்டி, மிக்ஸ்சரை இழுத்து நிறுத்துங்கள். சாவியை எடுத்து எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வையுங்கள். மேல்மூடியைத் திறந்து, நான்கு புகைக்குழாய்களின் மேலும் ஈரத்துணியிலிருந்து ஒரு சொட்டு விடுங்கள். மூன்று 'சுர்' என்னும். ஒன்று பேசாமல் இருக்கும். அந்த சிலிண்டரில் அந்த மேக்னெட்டோவோடு இணைந்த பிளக்தான் குற்றவாளி, அல்லது அதற்குப் போகும் கம்பி. எது என்று தெரிய, பிளக்கை இன்னொரு சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். குற்றமும் கூடவே நகர்ந்தால் பிளக். அங்கேயே நின்றால் கம்பி. பிளக்கின் உள்தடையை ஓம் மீட்டரில் அளந்தால் 5,000 ஓமுக்கு மேல் போகக் கூடாது; பளபளவென்று இருக்கும் பிளக்கும் இதில் தோற்கும். கை தவறித் தரையில் விழுந்த பிளக்கைப் பற்றி விவாதமே வேண்டாம், குப்பைக்குப் போக வேண்டியது.

இதைத் தெரிந்து வைத்திருந்தும் ஒருமுறை நான் அவசரப்பட்டு ஒரு பட்டறையில் மேக்னெட்டோவையே கழற்ற வைத்தேன். மேக்னெட்டோ நன்றாகத்தான் இருந்தது. தடை அதிகமான ஒற்றைப் பிளக், கூலியோடு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் விலையைத் தின்றுவிட்டது. அப்பா அப்போது உயிரோடு இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

மேக்னெட்டோ சோதனையில் எதுவுமே விழவில்லை

சந்தோஷப்படாதீர்கள். இது மேலே சொன்னதைவிடப் பொல்லாதது. சாவியை மாற்றியும் ஆர்.பி.எம். அசையவில்லை என்றால் ஒரு மேக்னெட்டோ அணையவே இல்லை. அதைத் தரையோடு இணைக்கும் கம்பி அறுந்திருக்கும், அல்லது சாவிச் சுவிட்ச் தேய்ந்திருக்கும். மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை. எஞ்சின் நின்ற பிறகு யாராவது புரொப்பெல்லரைக் கையால் தள்ளினால், சிலிண்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் பற்றிக்கொண்டு எஞ்சின் ஒரு சுற்று சுற்றிவிடும். கை போக அந்த ஒரு சுற்று போதும். 'தொடாதே' என்று எழுதிப் புரொப்பெல்லரில் கட்டிவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். சாவி எந்த நிலையில் இருந்தாலும் புரொப்பெல்லர் உயிரோடு இருப்பதாகவே நினைத்துப் பழகுங்கள்.

காலையில் முதல் சில நிமிடங்கள் மட்டும் தும்முகிறது

குளிர்ந்த எஞ்சின் கிளம்பியதும் மூன்று காலில் நொண்டும். சூடானதும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். நம்மில் பலர் இதை 'வயசாகிவிட்டது, அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம். லைகமிங் எஞ்சினில் இது எக்ஸாஸ்ட் வால்வு ஒட்டிக்கொள்வதன் முன்னறிவிப்பு. வால்வுத் தண்டுக்கும் அது ஓடும் குழலுக்கும் இடையே கரியும் ஈயமும் படிந்து இறுகுகின்றன. இன்று காலையில் ஒட்டியது நாளை ஓடுதளத்தைத் தாண்டி 300 அடி உயரத்தில் ஒட்டலாம். அப்போது வால்வைத் திறக்கும் தள்ளுதண்டு வளைந்து ஒரு சிலிண்டர் போய்விடும்.

இதற்கு லைகமிங்கின் 388ஆம் எண் சேவை அறிக்கை இருக்கிறது; வால்வை அசைத்துப் பார்த்து இடைவெளியை அளக்கும் முறை அதில் உண்டு. சிலிண்டரைக் கழற்றாமலே சரிசெய்யவும் வழியுண்டு. பிளக் துளை வழியாக நைலான் கயிற்றைத் திணித்து, பிஸ்டனால் அதை மேலே அழுத்தி வால்வைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஸ்பிரிங்குகளைக் கழற்றுவார்கள். பிறகு கயிற்றை எடுத்துவிட்டு, வால்வைச் சிலிண்டருக்குள் இறக்கி, குழலைச் சுத்தம் செய்து, வால்வைத் துழாவிப் பிடித்து மீண்டும் மேலே இழுத்துவிடுவார்கள். முதல்முறை பார்ப்பவருக்கு மோடிவித்தை போலிருக்கும். பழகிய கை வேண்டும். உங்கள் விமானத்தில் பழகட்டும் என்று யாரையும் விடாதீர்கள்.

பறக்கும்போது ஆர்.பி.எம். மெல்ல மெல்ல இறங்குகிறது

கார்புரேட்டரில் பனிக்கட்டி.

இதை எங்கள் தெருவில் சொன்னால் சிரிக்கிறார்கள். பனிக்கட்டி என்றால் காசிமேட்டில் மீன் பெட்டிக்குள் இருப்பதுதான் நமக்குத் தெரியும். ஆனால் மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்பதும் நமக்குத் தெரியும். ஆவியாகிற எதுவும் சுற்றியுள்ள சூட்டை எடுத்துக்கொள்ளும். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்றின் அழுத்தமும் விழுகிறது, பெட்ரோலும் ஆவியாகிறது. இரண்டும் சேர்ந்து வெப்பநிலையை 30 டிகிரிக்கு மேல்கூட இறக்கிவிடும். வெளியே 24 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் உள்ளே உறைநிலை. வங்கக் கடலோரத்தில் மார்கழிக் காலை என்பது இதுதான். வெளியே 38 டிகிரி இருந்தும் உறைந்ததாகப் பயிற்சி நூல்கள் எச்சரிக்கின்றன. மலைநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம்.

எனக்கு நடந்தது இப்படி. இறங்குவதற்காக, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைப் பாதி மூடியிருந்தேன். அதுதான் மோசமான நிலை. மூடிய தகட்டைச் சுற்றித்தான் பனி வேகமாகப் பிடிக்கும். சற்று நேரம் கழித்து உயரத்தை நிலைநிறுத்த த்ராட்டிலைத் தள்ளினேன். வர வேண்டிய ஆர்.பி.எம். வரவில்லை; 200 குறைவு. நடுக்கம் கிடையாது, எச்சரிக்கை விளக்கு கிடையாது. கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் குமிழை முழுக்க இழுத்தேன். எஞ்சின் இன்னும் மோசமாகியது: இருமியது, உதறியது, மேலும் விழுந்தது. குமிழை உள்ளே தள்ளிவிடச் சொல்லிக் கை பரபரக்கும் நேரம் அதுதான். தள்ளாதீர்கள். உருகிய தண்ணீரை எஞ்சின் விழுங்கிக்கொண்டிருக்கிறது. அரை நிமிடம்போலத்தான் இருக்கும். ஒரு யுகம்போல் நீளும். பிறகு ஆர்.பி.எம். தானே ஏறியது.

பாதி இழுப்பது கூடாது, இழுத்தால் முழுக்க. தரையில் டாக்ஸி செய்யும்போது இழுத்து வைக்காதீர்கள், அந்தக் காற்று வடிகட்டி வழியாக வருவதில்லை. புறப்படுமுன் சோதனையில் குமிழை இழுத்தும் ஆர்.பி.எம். சிறிதும் விழவில்லை என்றால் கம்பியோ உள்ளே இருக்கும் கதவோ பழுது. அன்றைய பறத்தல் முடிந்தது.

மெதுவாக ஓடும்போது கரும்புகை, தடுமாற்றம்

கார்புரேட்டரைச் சந்தேகிக்குமுன், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் கையால் பெட்ரோல் செலுத்தும் பிரைமர் குமிழைப் பாருங்கள். உள்ளே தள்ளிப் பூட்டவில்லை என்றால் எஞ்சின் அதன் வழியே பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் தொலைபேசியில் ஆராய்ந்த ஒரு பழுதை எங்கள் பங்காளி ஒருவர் கட்டைவிரலால் தீர்த்தார்.

மே மாதத்தில் ஏற மறுக்கிறது

அநேகமாகப் பழுது இல்லை. கடல்மட்டத்தில் 40 டிகிரி வெயிலில் காற்று 3,000 அடி உயரத்தில் இருக்க வேண்டிய அளவுக்கு மெலிந்துவிடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் முழுத் தொட்டியும் நான்கு பேருமாக ஏறிவிட்டு எஞ்சினைத் திட்டுவது நியாயமல்ல. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முழு த்ராட்டில் கொடுத்து, நின்ற நிலையில் கையேடு சொல்லும் ஆர்.பி.எம். வருகிறதா என்று பாருங்கள். வந்தால் எடையைக் குறையுங்கள், விடியற்காலையில் பறங்கள்.

பெட்ரோல் மாதிரியில் தண்ணீர்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போனபின் சில வாரங்கள் விமானத்தின் பக்கமே போக முடியவில்லை. எங்கள் தெருவிலிருந்து வெளியே வருவதே பெரும்பாடாக இருந்தது. போன அன்று இறக்கைத் தொட்டியின் அடியில் மாதிரி எடுத்தேன். கோப்பை நிறையத் தெளிவாக இருந்தது. கோடு இல்லை, குமிழி இல்லை. திருப்தியோடு கொட்டப் போனபோதுதான் உறைத்தது: நீல நிறமே இல்லை. முழுக் கோப்பையும் தண்ணீர். பெட்ரோலும் தண்ணீரும் சேர்ந்து இருந்தால்தான் நடுவே கோடு தெரியும். எல்லாமே தண்ணீராக இருந்தால் எதுவும் தெரியாது. 100எல்எல் நீலமாக இருக்கும். நிறத்தை வெள்ளைப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் நல்ல பெட்ரோலை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், மேலே தனியாக மிதந்தால் அடியில் இருப்பது தண்ணீர்.

தண்ணீர் உள்ளே வரும் வழி பெரும்பாலும் தொட்டியின் மேலே உள்ள மூடிதான். பழைய தட்டையான மூடிகளின் ரப்பர் வளையம் காய்ந்துபோனால் மழைநீர் குளம் கட்டி உள்ளே இறங்கும். வளையத்தை மாற்றுங்கள். இறக்கையை ஆட்டி, வாலைச் சற்றே கீழே அழுத்தி, காத்திருந்து மறுபடி எடுங்கள். தண்ணீர் வருவது நிற்கும் வரை எடுங்கள். ஒரே கோப்பையோடு நிறுத்தாதீர்கள்.

இன்னொரு கேள்வி எப்போதும் வரும். மணலிப் பக்கமிருந்து வரும் நண்பர், “அண்ணே, சுத்திகரிப்பு ஆலையே நம் பக்கத்தில் இருக்கிறது. பங்க் பெட்ரோலைப் போட்டால் என்ன?” என்பார். பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய ரப்பர் வளையங்களைக் கெடுக்கும், தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், சூட்டில் குழாய்க்குள் ஆவியாகி அடைக்கும். விமானப் பெட்ரோல்தான். அதை 2022 முதல் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரிக்கிறது. அதற்கு முன் முழுக்க இறக்குமதியை நம்பியிருந்தோம். ஜெட் எரிபொருள் தவறி ஊற்றப்பட்டதோ என்ற பயம் இருந்தால் வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விடுங்கள். விமானப் பெட்ரோல் பறந்துவிடும், மற்றது எண்ணெய் வளையம் விடும்.

பெட்ரோல் எந்தத் தொட்டியிலிருந்து வர வேண்டும் என்று தேரும் திருகை 'இரண்டும்' நிலையில் வைத்தும் ஒரு தொட்டி மட்டும் காலியாகிறது என்றால் இந்த விமானத்தில் ஓரளவு சகஜம். அளவு மிஞ்சினால் தொட்டியின் காற்றுத் துளையில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேகமானி பூஜ்யத்திலேயே நின்றாலும் அதே குளவியைத்தான் பிடிக்க வேண்டும்; வேகத்தை அளக்க எதிர்க்காற்றை வாங்கும் பிட்டோ குழாய்க்கு உறை போடாத இரவு அதற்குப் போதும்.

ஆயில் குறைகிறது, ஆயில் அழுத்தம் குறைகிறது

இவை இரண்டும் வேறு வேறு நோய்கள். 150 குதிரைத்திறனுக்கு லைகமிங்கின் சூத்திரப்படி மணிக்கு அரை குவார்ட் வரை உச்சவரம்பு (ஒரு குவார்ட் என்பது லிட்டருக்குச் சற்றே குறைவு). அதை நெருங்கும் முன்பே காரணம் தேட வேண்டும். ஆனால் எட்டு குவார்ட் வரை நிரப்பிவிட்டு 'குடிக்கிறது' என்று புலம்புகிறவர்கள், அது விமானத்தின் வயிற்றில் வழிந்திருப்பதைக் குனிந்து பார்ப்பதில்லை. ஆறிலிருந்து ஏழுக்குள் வைத்தால் எங்கள் எஞ்சின் அமைதியாக இருக்கிறது.

அழுத்தம் வேறு விஷயம். கிளப்பிய 30 விநாடிக்குள் முள் எழாவிட்டால் நிறுத்துங்கள். வானில் அழுத்தம் விழுந்து வெப்பமும் ஏறினால் கிடைத்த இடத்தில் இறங்குவதைத் தவிர யோசிக்க ஒன்றுமில்லை. வெப்பம் அப்படியே இருந்தால் மானியோ, அழுத்தத் தணிப்பு வால்வில் சிக்கிய துகளோ ஆக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வேண்டிய இடமும் தரைதான்.

ஃபில்டர் இருந்தால் 50 மணி நேரம் அல்லது நான்கு மாதம், எது முதலோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும். கழற்றிய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்து உலோகத் துகள் தேடுங்கள். அதற்கென்று வெட்டும் கருவி இருக்கிறது. எங்கள் பங்காளி ஒருவர் ஹாக்ஸா பிளேடால் அறுத்துவிட்டு, உள்ளே மின்னிய தூளைப் பார்த்து எஞ்சினுக்குத் துக்கம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அத்தனையும் அவர் அறுத்த தகரம்.

நிஜமான துகள் வந்தால் முதல் சந்தேகம் கேம்ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டு. லைகமிங்கில் அது பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்குத் தண்டுக்கு மேலே இருக்கிறது. எஞ்சின் சும்மா நின்றால் ஆயில் வடிந்துவிடும். மேடுகள் வெறும் இரும்பாக ஈரக் காற்றில் நிற்கும். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று ராயபுரத்தில் ஜன்னல் கம்பிக்கு வண்ணம் அடிப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை. வாரம் ஒருமுறை புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிடுவது இருக்கும் ஆயிலையும் துடைத்துவிடும். தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது அதைவிடக் கெடுதல்; எரிந்ததில் உண்டான தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். ஆயில் 82 டிகிரியைத் தொடும்படி பறந்தால்தான் ஈரம் வெளியேறும். ஒரு மாதத்துக்கு மேல் பறக்க முடியாது என்று தெரிந்தால் பாதுகாப்பு ஆயில் ஊற்றி, பிளக் துளைகளில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா அடைப்பான்களைப் போடச் சொல்லுங்கள். நீலம் இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும்.

முன்சக்கரம் உதறுகிறது, பிரேக் அமுங்கிக்கொண்டே போகிறது

முன்சக்கரத்துக்கு: டயரில் 31, சக்கரத்தைத் தாங்கும் காலில் 45 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் இருக்கிறதா, அதிர்வுத் தணிப்பானில் எண்ணெய் இருக்கிறதா, இணைப்புக் கைகள் ஆடுகின்றனவா என்ற வரிசையில் பாருங்கள். முன்சக்கரத்தை முதலில் தரையில் குத்தும் பழக்கம் நமக்கு இருக்கிறதா என்பதையும்.

பிரேக் பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று, அல்லது வளையம் கசிகிறது. அதில் ஊற்றுவது சிவப்பு நிற மினரல் ஹைட்ராலிக் எண்ணெய். கார் பிரேக் எண்ணெயை ஊற்றினால் வளையங்கள் உப்பிக் கெட்டுப்போகும். போல்ட் விஷயமும் இப்படியே. செம்புதாஸ் தெருவில் தேடினால் எந்த அளவிலும் கிடைக்கும், பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும். எங்கே, எந்த உலோகத்தில் செய்தது என்ற தாள் அதோடு வராது. அதை வீட்டுக் கதவுக்குப் போடுங்கள்.

மின்சாரப் பக்கமும் ஒன்று. அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தால், அதாவது பேட்டரி காலியாகிக்கொண்டிருந்தால், எஞ்சின் நின்றுவிடாது. மேக்னெட்டோ தன் காலில் நிற்கிறது. மாஸ்டர் சுவிட்சின் இரு பாதியையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சரியாகாவிட்டால் ஒரு ரேடியோவைத் தவிர மற்றவற்றை அணைத்துவிட்டு இறங்குங்கள்.

இருக்கை லேசாக ஆடுகிறது

எஞ்சினை மட்டும் கவனிக்கிறவர்கள் இதைப் பழுதாகவே எழுதுவதில்லை. செஸ்னாவின் இருக்கை தண்டவாளத்தில் ஓடுகிறது. ஒரு முள், துளையில் விழுந்து அதை நிறுத்துகிறது. துளை தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டால் முள் பாதிதான் பிடிக்கும். புறப்படும்போது மூக்கு நிமிர்ந்ததும் இருக்கை பின்னால் ஓடும். விமானி தன்னையறியாமல் பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுக் கைப்பிடியையும் கூடவே இழுத்துவிடுவார். உயிர்கள் போயிருக்கின்றன. அமெரிக்க விமான ஒழுங்கு அமைப்பு 1987இல் இதற்குக் கட்டாய ஆய்வு உத்தரவு போட்டு, 2011இல் புதுப்பித்தது. துளைகளை டார்ச் அடித்துப் பாருங்கள், முள்ளின் முனையைத் தொட்டுப் பாருங்கள், தண்டவாளத்தில் விரிசல் தேடுங்கள். உட்கார்ந்து பூட்டிய பிறகு உடம்பை முன்னும் பின்னும் பலமாக உலுக்குவேன். எங்கள் விமானத்தில் மூன்றாவது துளையில் இருக்கை சில சமயம் பூட்டியதுபோல் நடிக்கும். ஒரு விரலளவு நகர்ந்து 'டக்' என்று விழுந்தபின்தான் அது நிஜமாகப் பூட்டியிருக்கும்.